ரிவர்ஸ் எடுக்காத டிரைவரும் என் ஊதல் பெட்டியும்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. கடைசியாக வேலை பார்த்த கம்பெனியிலிருந்து சென்ற மாதம் ஒரு இளம் பொறியாளர் வீட்டுக்கு வந்தாள். தான் செய்துகொண்டிருக்கும் செயலி ஒன்றைக் கைபேசியில் காட்டினாள். திரையில் ஒரு நீல வட்டம் பெரிதானால் மூச்சை இழுக்க வேண்டும், சிறிதானால் விட வேண்டும். ஐந்து நிமிடம் செய்தால் மனம் அமைதியாகிவிடுமாம். நானும் செய்து பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் சார்ஜ் தீரப்போகிறது என்று திரை எச்சரித்தது. எனக்கு மூச்சு முட்டியதுதான் மிச்சம்.

"உங்க காலத்துல இந்த மாதிரி ஏதாவது இருந்துச்சா மேடம்?" என்று அவள் கேட்டாள். 'உங்க காலத்துல' என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தது, நானே செய்தேன், அதனால் ஒரு மனிதருடைய வேலையே போகப் பார்த்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவளுடைய காபி ஆறிப்போய் ஆடை கட்டும்வரை நான் நிறுத்தவில்லை. அவள் போன பிறகு, பாவம், இனி ஒருத்தியைப் பிடித்து உட்கார வைக்காமல் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்தேன். பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தேன். சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்கக் கூடாது என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன், மீதியை மூன்று வருடத்தில் கற்றேன். 1991இல் பொம்மசந்திராவில் ஒரு சிறிய தொழிற்சாலையில் சேர்ந்தேன். முப்பது பேர் வேலை செய்த அந்த இடத்தில் காருக்கான ரிவர்ஸ் ஹார்ன் செய்தோம். அந்த நாளில் கார் பின்னால் வரும்போது பாட்டுப் பாடும். நினைவிருப்பவர்களுக்கு இப்போதே காதில் கேட்டிருக்கும். பெங்களூரில் பாதி வண்டிகள் எங்கள் பாட்டைப் பாடிக்கொண்டுதான் பின்னால் வந்தன.

முதலாளி மூர்த்தி சார் கன்னடக்காரர். அரசாங்க ஆலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்து வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். தமிழ் சரளமாகப் பேசுவார், நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். டீ எத்தனை நிமிடத்தில் கொதிக்கிறது, நான் ஒரு விஷயத்தை விளக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்பதையெல்லாம் அதில் பார்ப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். சாதாரணமாக "ஏம்மா மேரி" என்பவர், கொஞ்சம் கோபம் வந்தால் "மிஸ் மேரி" என்பார். இன்னும் ஏறினால் "மேடம்" ஆகிவிடுவேன். "மேடம் அவர்களே" என்று அழைத்தால் நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வரலாம், நேரம் மிச்சம்.

1997 வாக்கில் ஒருநாள் மூர்த்தி சார் டாக்டர் சுமித்ரா என்பவரை அழைத்து வந்தார். ஜெயநகரில் கிளினிக் வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர். ஆஸ்துமாக்காரர்கள், பரீட்சை பயத்தில் கை நடுங்கும் பிள்ளைகள், காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பவர்கள் எல்லாரும் அவரிடம் வருவார்கள்.

"மெதுவா மூச்சு விடுங்கன்னு சொன்னா போதும், அப்பதான் அவங்க இன்னும் இறுகிப்போறாங்க. 'கரெக்டா விடறனா டாக்டர்?'னு கேட்டுக் கேட்டே மூச்சு வாங்குறாங்க. எனக்கு ஒரு பொம்மை வேணும். விளையாடற நினைப்புல அவங்களுக்குத் தெரியாமலே மூச்சு நீளணும்" என்றார் டாக்டர்.

மூர்த்தி சார் என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசி என்பதை, "மேரி, சொல்ப யோசி" என்றார். ரிவர்ஸ் ஹார்னைத் தவிர வேறொன்றும் செய்திராத எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் ஸ்ட்ரா, பலூன், ஷாம்பூ மூடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஊதிப் பார்த்தேன்.

நாலு மாதத்தில் ஒரு பெட்டி உருவானது. அளவில் சாப்பாட்டு டப்பாதான். மேலே ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஆளுக்கு ஒரு காகிதக் குழலைச் செருகி ஊத வேண்டும். உள்ளே ஒரு சிறிய காற்றாடிச் சக்கரம். அதன் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளி விடும் பல்பு, மறுபக்கம் அந்த ஒளியைப் பார்க்கும் சென்சார். சக்கரத்தின் இறக்கை நடுவில் போகும்போதெல்லாம் ஒளி மறையும். ஒரு நொடியில் எத்தனை தடவை மறைகிறது என்று சர்க்யூட் எண்ணும். மூச்சு நிதானமாக வந்தால் பாட்டு ஓடும். புயலாக ஊதினாலும் நிற்கும், ஊதாமலே இருந்தாலும் நிற்கும். இறக்கை எதில் செய்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. பிளாஸ்டிக் கனமாக இருந்தது, காகிதம் எச்சில் பட்டு ஊறிப்போனது. கடைசியில் டாக்டர் கொடுத்த பழைய எக்ஸ்ரே படங்களை வெட்டினேன். லேசாகவும் இருந்தது, ஈரமும் ஒட்டவில்லை. யாருடைய விலா எலும்போ என் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

முதல் பெட்டியில் எத்தனை நொடி ஊதினீர்கள் என்று காட்டும் எண்களும் இருந்தன. எனக்கு அதில் ஏகப் பெருமை. சாப்பாட்டு இடைவேளையில் பரிசோதனைக்காக அசெம்பிளி லைனில் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அது போட்டியாகிவிட்டது. பேக்கிங் சரோஜா முப்பது நொடியைத் தாண்டினாள், ஸ்டோர் கீப்பர் அதை முறியடிக்கப் போய் முகம் நாவற்பழ நிறமாகி பெஞ்சில் சாய்ந்தார். மனதை அமைதியாக்கும் கருவியை ஊதி முதல் நாளே ஒருவருக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது.

மூர்த்தி சார் பெட்டியை வாங்கிப் பார்த்தார். "மிஸ் மேரி, நம்பரைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அமைதியில் ஃபர்ஸ்ட் வந்தவன் யாரும் கிடையாது" என்றார். இன்னொன்றும் சொன்னார். பாட்டு டக்கென்று வெட்டி நிற்கக் கூடாது, தோற்றுப்போனோம் என்று ஊதுபவருக்குத் தோன்றிவிடும், கோபித்துக்கொள்ளாமல் நிற்க வேண்டும். ஒரு கெப்பாசிட்டரை மாற்றி, பாட்டு மெல்லத் தளர்ந்து அடங்குகிற மாதிரி செய்தேன். என் வேலைக்காலம் முழுக்க எத்தனையோ சர்க்யூட் போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் நிற்கும் சர்க்யூட் அது ஒன்றுதான்.

இப்போது ஏகாம்பரம் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மர்பி டவுன்காரர், எங்கள் கம்பெனி வேன் டிரைவர். காலையில் எங்களையெல்லாம் வீட்டருகே ஏற்றி ஓசூர் ரோடு வழியாகக் கொண்டு சேர்ப்பார், பிறகு நாள் முழுக்கச் சரக்கு எடுத்துப் போவார். இருபது வருடத்துக்கும் மேல் வண்டி ஓட்டியவர், ஒரு கீறல் கிடையாது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள், வேனில் இருந்த எங்கள் ஹார்ன் பாடப் பாட, சரக்கு மேடைக்கு வேனைப் பின்னால் எடுத்தார். மேடைக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் பாஷா பாயின் ஸ்டூல் இருந்தது. பாஷா பாய் தண்ணீர் குடிக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தார். ஸ்டூல் அப்பளமாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நசுங்கிய ஸ்டூலை இரண்டு நாள் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஏகாம்பரம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, அதை யாரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு வேன் போகும் வழிகள் விசித்திரமாயின. என் வீடு முட்டுச்சந்தில் இருந்தது. அதுவரை வாசலில் வந்து நின்ற வேன் மெயின் ரோட்டிலேயே நிற்க ஆரம்பித்தது. ரிவர்ஸ் கியர் டைட்டாக இருக்கிறது என்று அண்ணன் சொன்னார். மெக்கானிக் மூன்று தடவை கியர் பாக்ஸைப் பிரித்தார், குறை ஒன்றும் அகப்படவில்லை. எங்கே நிறுத்தினாலும் நேராக வெளியேறுகிற மாதிரியே நிறுத்துவார். ஒருநாள் காலை கம்பெனி கேட்டை மறித்து ஒரு லாரி நின்றது. கொஞ்சம் முன்னே போய்விட்ட வேனை யாராக இருந்தாலும் பத்தடி பின்னால் எடுத்துத் திருப்பியிருப்பார்கள். அண்ணன் நேராகப் போனார். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். எட்டுப் பேரையும் மாநில எல்லையோரம் இருக்கும் அத்திபெலே வரை அழைத்துப் போய், அங்கே அகலமான இடத்தில் வளைத்துத் திரும்பி வந்தார்.

கேட்டில் மூர்த்தி சார் ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தார். "எங்கே போயிருந்தீர்கள்?"

"அத்திபெலே சார்."

"எதுக்கு?"

அண்ணன் முழித்தார். "டீ குடிக்க சார்."

சார் எங்களைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான், "நல்ல டீ சார்" என்றேன். அன்று முழுவதும் அவருக்கு நான் மேடம்.

மத்தியானம் அண்ணனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரிவர்ஸ்ல கை வச்சாலே மாரு அடச்சுக்குதும்மா மேரி. மூச்சு பிச்சுக்கிட்டுப் போவுது. அந்த ஸ்டூலு வந்து கண்ணுல நிக்குது. ஒரு நிமிசம் முன்னாடி அதுல ஆளு குந்தினு இருந்தான்."

"டாக்டர்கிட்ட போங்கண்ணே."

"போனா சாருக்குத் தெரியும். பேக்கிங்ல குந்த வச்சிருவாரு. ஸ்டியரிங்க எடுத்துட்டா நான் யாரு? சொல்லு." சுற்றிலும் பார்த்துவிட்டு, "உன் வாயால வெளிய வரக்கூடாது" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். தினமும் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகும் மனிதர், நான் பேசியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனம் வரவில்லை.

இனி என் தவறு. பெட்டிக்கு ஒரு மெட்டு வேண்டியிருந்தது. எங்களிடம் ஹார்ன் வாங்கிய ஒரு கம்பெனி, பாட்டு வேண்டாம், 'வண்டி பின்னால் வருகிறது' என்று இங்கிலீஷில் பேசும் ஹார்ன் போதும் என்று மாறிவிட்டது. அதனால் பாட்டுச் சிப் இரண்டாயிரம் டிராயரில் சும்மா கிடந்தன. "இதையே போடலாம் சார், மனசுக்கு இதமா இருக்கும்" என்றேன். சாரும் கேட்டுப் பார்த்துத் தலையாட்டினார். லைனில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எங்களில் ஒருவருக்குக்கூட, ஒருவருக்குக்கூட, அது ரிவர்ஸ் ஹார்ன் என்று தோன்றவில்லை. சத்தம் வெளியே போகாமல் அடைத்த டெஸ்டிங் அறையில் ஒவ்வொரு ஹார்னையும் ஒரு நிமிடம் பாடவிட்டுக் கேட்டு, ஆறு வருடத்தில் அது எங்களுக்கு வெறும் பாட்டாகிவிட்டது. மீன் விற்கிறவருக்கு மீன் வாசனை தெரியாதது மாதிரிதான். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அந்த மெட்டை முணுமுணுப்பேன். "யாருடி அது சந்துல காரு பின்னாடி எடுக்கறது?" என்று அம்மா ஜன்னலை எட்டிப் பார்த்திருக்கிறாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அண்ணனின் பயம் எனக்குத் தெரியும், பெட்டிக்குள் என்ன மெட்டு என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியை டாக்டர் சுமித்ராவின் கிளினிக்கில் காட்டும் நாள் வந்தது. மூர்த்தி சாரும் நானும் வேனில் போனோம். கிளினிக் இருந்த சந்தில் நுழைந்த பிறகுதான் அதற்கு மறுபக்க வழி இல்லை என்று தெரிந்தது. அண்ணன் எஞ்சினை நிறுத்தி, முன்னால் இருந்த சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

காத்திருக்கும் அறையில் ஏழெட்டு நோயாளிகள் இருந்தார்கள். டாக்டர் அவர்களுக்கு முன்னாலேயே காட்டச் சொன்னார். "யாராவது ஊதுங்க, பார்ப்போம்."

மூர்த்தி சார் பெருமையோடு சொன்னார்: "இன்ஜினியர் ஊதினா என்ன பிரயோஜனம். சாதாரண மனுஷர் ஊதணும். ஏகாம்பரம், நீ பா, வந்து ஊது."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். குழலை வாயில் வைத்து நிதானமாக மூச்சை விட்டார். சக்கரம் சுற்றியது. பாட்டு வந்தது, அறை முழுக்க, தெளிவாக.

பெஞ்சில் இருந்த மூன்று பேர் ஒரே நேரத்தில் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கதவோரம் நின்ற பெரியவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒரு அம்மா, "மகூ, இல்லி பா" என்று பக்கத்தில் கூப்பிட்டபடியே ஓடிப்போய்த் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். வெளியே நின்ற யாரோ கையால் சுவரைத் தட்டி, "பர்லி, பர்லி, பர்லி, ரைட்" என்று வழிகாட்டினார். வரட்டும், வரட்டும் என்று அர்த்தம்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பாட்டு காதில் விழுந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக விழுந்தது.

மூர்த்தி சாரைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது என்று முகத்தில் தெரிந்தது. அறையே சிரித்தது, டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் அண்ணன் குழலைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு புஸ் புஸ்ஸென்று ஓடியது. உதடு வெளுத்திருந்தது.

டாக்டர் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். பயப்படாதே, ஒன்றுமில்லை என்றெல்லாம் சொல்லவில்லை. "என்ன தெரியுது உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"ஸ்டூலு" என்றார் அண்ணன்.

அங்கேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஸ்டூல், கியர் பாக்ஸ், முட்டுச்சந்து, அத்திபெலே டீ எதுவும் மிச்சமில்லை. மூர்த்தி சார் முழுவதையும் நின்றபடியே கேட்டார். பிறகு கையை நீட்டினார். "ஏகாம்பரம் அவர்களே, வண்டிச் சாவியைத் தயைகூர்ந்து என்னிடம் கொடுங்கள்" என்றார். அண்ணன் கொடுத்தார்.

சாவி கைக்கு வந்த பிறகுதான் சாருக்கு இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது. அவருக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும், எனக்கு சைக்கிள். வேன் சுவரைப் பார்த்தபடி நின்றது. அதைச் சந்திலிருந்து பின்னால் எடுக்க எங்களில் ஆளில்லை. மூன்று பேரும் ஒரே ஆட்டோவில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சில்க் போர்டு சிக்னல் வரை வந்தோம். அங்கே ஒரு கார் ரிவர்ஸ் எடுத்தது. அது பாடிய பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் சார் என்னை அறைக்கு அழைத்தார். "உங்களுக்கு முன்பே தெரியுமா, மேடம் அவர்களே?"

"தெரியும் சார்."

"எட்டுப் பேரோட உயிர்."

"முன்னாடி ஒழுங்காத்தான் ஓட்டினார் சார்" என்றேன். அது பதிலில்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் ஸ்டாப்வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அந்தப் பாட்டை நானும் கேட்டு ஓகே சொன்னேன்" என்றார். வேலையில் எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். தவறில் பாதியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

பெட்டிக்கு வேறு மெட்டு போட்டோம். மூன்றே சுரம், தூளி ஆடுகிற வேகம். அதுதான் விற்பனைக்குப் போனது. வேனை மெக்கானிக் போய்ச் சந்திலிருந்து எடுத்து வந்தார், காலையும் மாலையும் அவரே ஓட்டினார். ஏகாம்பரம் அண்ணன் பேக்கிங் பிரிவுக்குப் போனார். தன் பயத்தை ஊரறியச் செய்த அதே பெட்டியை அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டும் வேலை. ஒருநாள் முழுக்க லேபிளைத் தலைகீழாக ஒட்டியிருந்தார். மத்தியானம் எங்களோடு சாப்பிட வராமல் நிற்கிற வேனுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் போட்ட சிப், நான் மறைத்த விஷயம், இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல டிரைவரை அங்கே உட்கார வைத்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

டாக்டர் சுமித்ராவிடம் போனேன். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. "அந்தப் பழைய பாட்டுப் பெட்டி இருக்கா? தூக்கிப் போடாதே. அவருக்கு அதுதான் மருந்து. சொட்டுச் சொட்டாக் கொடுக்கணும்" என்றார்.

ஒரு பெட்டியில் பழைய சிப்பை வைத்தேன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று பொருத்தினேன். அதிலும் திருப்தி இல்லாமல் ஸ்பீக்கர்மேல் பஞ்சை அடைத்தேன். மத்தியான இடைவேளையில் வேனுக்குப் போனேன். "வேணாம்மா மேரி" என்றார் அண்ணன். "காதுக்கே கேக்காதுண்ணே, சும்மா ஊதுங்க" என்றேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த முறை இது. முதல் வாரம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பஞ்சு அடைத்த பெட்டியை ஊத வேண்டும். பிறகு பஞ்சை எடுக்க வேண்டும். பிறகு டிரைவர் சீட். பிறகு, மெக்கானிக் சாவி போட்டுக் கொடுக்க, எஞ்சின் ஓடும்போது. பிறகு கையை ரிவர்ஸ் கியர்மேல் வைத்துக்கொண்டு, போடாமல். எந்தப் படியில் பயம் வந்தாலும் முந்தின படிக்கு இறங்க வேண்டும், வெட்கப்படக் கூடாது. அண்ணன் ஏறினதைவிட இறங்கினதுதான் அதிகம். பஞ்சை நான் மூன்று தடவை திரும்ப அடைத்தேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருநாள் அவரே சொன்னார். "ஒண்ணு பாத்தியா? நான் பயந்தா பாட்டு நின்னுடுது. பயப்படாம இருந்தாத்தான் வருது. இம்மாம் நாளா அந்தப் பாட்டு என்னைத் தொரத்துதுன்னு நெனச்சேன். இப்ப நான் விட்டாத்தான் அது வருது."

அந்தப் பெட்டியைச் செய்த எனக்கே அது அதுவரை தெரியாது. காற்றையும் சக்கரத்தையும் கணக்குப் போட்டவள் நான், இதைக் கணக்குப் போடவில்லை. டாக்டரிடம் சொன்னபோது, இதை இனி நோயாளிகளுக்கும் சொல்லப்போகிறேன் என்றார்.

மூர்த்தி சார் இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி, சரக்கு மேடை, வேனைப் பின்னால் எடுத்து மேடைக்கு இரண்டடி முன்னால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் சாவி திரும்பக் கிடைக்கும். நிறுத்த முடியாவிட்டால் என்ன என்று அதில் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனியே வெளியே வந்து நின்றது. வேன் பின்னால் வரும்போது மேடையருகே ஒருவர் நின்று வழி சொல்ல வேண்டும், அதுதான் எப்போதும் வழக்கம். சார் பாஷா பாயைப் பார்த்தார்.

"எனக்குப் பதிலா ஸ்டூலு போச்சு சார். இன்னொரு ஸ்டூலு இல்ல" என்றார் பாஷா பாய். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

நான் ஒரு அடி முன்னே வைத்தேன். "நீ பேடம்மா, வேண்டாம். டிசைன் பண்ணினவ டெஸ்ட் பீஸ் ஆகக் கூடாது" என்று சார் தடுத்தார். சொல்லிவிட்டு அவரே நடந்து போய், மேடைக்கு முதுகைக் கொடுத்து, வேனுக்கு நேர் பின்னால் நின்றார்.

அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "சார், நீங்க வேணாம் சார்."

"வா" என்றார் மூர்த்தி சார்.

கியர் விழுந்தது. வேனில் பொருத்தியிருந்த எங்கள் ஹார்ன் முழுக் குரலில் பாட ஆரம்பித்தது. நான் பக்கவாட்டில் நின்றதால் அண்ணனின் முகம் தெரிந்தது. வாயில் குழல் இல்லாமலே உதட்டைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். வேன் ஒரு முழம் வந்து நின்றது. மறுபடி ஒரு முழம் வந்து மறுபடி நின்றது. ஒருதடவை அவர் கை கியரிலிருந்து எழுந்துவிட்டது. சரோஜா என் முழங்கையைப் பிடித்த இடம் நாலு நாள் கன்றியிருந்தது. பிறகு வேன் நகர்ந்தது, எறும்பு மாதிரி, நிற்காமல், ஒரே சீராக. வழி சொல்ல நின்ற சார் 'பர்லி' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வேன் அவருக்கு ஓரடி முன்னால் நின்றது. பாட்டும் நின்றது.

ஒருவரும் கை தட்டவில்லை. அண்ணன் இறங்கிப் பின்னால் வந்தார். மூர்த்தி சார் நின்ற இடத்திலேயே நின்று, "பயம் ஆயித்தா?" என்று கேட்டார்.

"மொதல்ல ஆச்சு சார். அப்புறம் மிரர்ல உங்களப் பாத்தேன். கண்ண இறுக்கி மூடினு நின்னீங்க. மூச்சே விடல நீங்க. பாவமாப் போச்சு. அதான் இன்னும் மெதுவா வந்தேன்."

சார் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுக்கப் போய், சாவி வேனிலேயே இருப்பது நினைவுக்கு வந்து, வெறும் கையை வெளியே எடுத்தார்.

அண்ணன் வேனுக்குள்ளிருந்து என் பெட்டியை எடுத்து வந்தார். புதுக் காகிதக் குழல் ஒன்றைச் செருகி அவரிடம் நீட்டினார்.

"குந்துங்க சார். மெதுவா விடுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

மூர்த்தி சார் மேடை விளிம்பில் உட்கார்ந்து ஊதினார். பாட்டு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.